பழைய வண்டியும் புதிய எஞ்சினும்

பழைய மோட்டார் வண்டி ஒன்றில் அதனோடு பிறவாத எஞ்சினைப் பொருத்துதல் தகுமோ தகாதோ என்பது, இங்கிலாந்தில் பழைய லாண்ட் ரோவர் வண்டிகளை வைத்திருப்போரிடையே நெடுநாளாக நிகழ்ந்துவரும் ஒரு வழக்கு. தமிழ் இலக்கணம் பயிலும் மாணாக்கர்க்கு இவ்வழக்கில் வேலை யாது என வாசகர் வினவலாம். வேலை ஒன்றும் இல்லைதான். யாம் அவ்வேலையைக் கையாற் செய்தவரும் அல்லேம். செய்தோர் எழுதியவற்றைப் படித்து அறிந்த அளவினேம். ஆயினும், பழையதொன்றைக் காக்க விரும்புவோர் அதனை எம்மட்டும் மாற்றலாம் என்னும் கேள்வி எமக்கும் உரியதாகலின், இவ்வழக்கில் எமக்கும் ஒரு கட்சி உண்டு. அதனை மறையாது கூறத் துணிந்தோம்.

நான்கு சக்கரங்களும் உந்தப்பெறும் லாண்ட் ரோவர் வண்டி 1948-ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில் ஆம்ஸ்டர்டாம் நகரத்து மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதல் வைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின் பின்னர் எஃகு கிடைத்தல் அரிதாயிருந்தமையின், அதன் மேலுடலை அலுமினியக் கலவைத் தகட்டினால் அமைத்தனர். வறுமையிற் கொண்ட அவ்வழியே வண்டிக்கு நீண்ட ஆயுளைத் தந்தது. அடியிலுள்ள சேஸிஸ் எஃகாதலின் துருவேறும். அதனையும் ஒட்டுப்போட்டுக் காக்கலாம், வேறொன்று வாங்கியும் மாற்றலாம். ‘ஸீரீஸ்’ எனப்படும் இப்பழைய வரிசை 1985-இல் முடிவுற்றது. இன்றும் அவ்வண்டிகள் பல ஓடுகின்றன. ஆனால் அவற்றுட் பெரும்பாலனவற்றில் அமைந்த 2286 கன செண்டிமீட்டர் எஞ்சின், பெட்ரோலாயின் ஏறக்குறைய 70 குதிரைத்திறனும், டீசலாயின் ஏறக்குறைய 60 குதிரைத்திறனுமே உடையது. மேட்டில் ஏறுங்கால் பின்னே ஒரு வண்டிக் கூட்டம் பொறுமையிழந்து ஊர்ந்துவரும். பெட்ரோல் வண்டிக்கு ஒரு காலன் எண்ணெய் இருபது மைலுக்குக் காணாது. இத்தகைய வண்டியைச் சொந்தக்காரர் விற்காமலும் வீசாமலும் வைத்திருப்பதே ஒருவகை அன்பென்று கொள்ளவேண்டும்.

இனி, பொருத்தப்படும் எஞ்சினைப் பார்ப்போம். 1989-ஆம் ஆண்டு அதே நிறுவனத்தார் டிஸ்கவரி என்னும் வண்டியை வெளியிட்டபோது, ‘200 டி.டி.ஐ.’ என்னும் டர்போடீசல் எஞ்சினை அதில் அமைத்தனர். கொள்ளளவு 2495 கன செண்டிமீட்டர். திறன் 111 குதிரைத்திறன். முறுக்குவிசை 195 பவுண்டு-அடி. பழைய டீசலின் முறுக்குவிசைக்கு இஃது ஏறக்குறைய இருமடங்கு. கொள்ளளவிற் பெருவேறுபாடு இல்லாதிருக்க இவ்வளவு வலிமை எங்ஙனம் வந்தது? வீணே வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அச்சுழற்சியால் காற்றை நெருக்கி எஞ்சினுள் தள்ளுவதே டர்போ. நெருக்கிய காற்று சூடேறும்; சூடேறிய காற்று விரியும். ஆதலின் அதனை இடையே ஒரு குளிர்விப்பானிற் செலுத்தித் தணிவித்து உட்புகுத்துவர். காற்று மிகுந்தால் அதற்கேற்ப எண்ணெயும் மிகுதியாக எரியலாம். இவை அனைத்தையும் ஆள்வது பற்சக்கரமும் வில்லும் திருகும் கொண்ட ஒரு பம்பே. மின்மூளை ஒன்றும் இல்லை. வீட்டுக் கொட்டகையில் ஸ்பானர் பிடிப்போர் இவ்வெஞ்சினை விரும்புவதற்கு அதுவே தலையாய காரணம்.

டிஸ்கவரியின் எஃகுக் கூடோ விரைவில் துருவுக்கு இரையாவது. எனவே, உடல் கெடாத வண்டிகள் சோர்ந்த எஞ்சினோடு ஒருபுறமும், சோராத எஞ்சின்கள் கெட்ட உடலோடு மறுபுறமும் கிடந்தன. இவ்விரண்டும் ஒரே குலத்தனவாயும் இருந்தன. 1957-இல் லாண்ட் ரோவரில் முதலில் வந்த டீசல் எஞ்சினின் வழியில் 2286 எஞ்சின் வந்தது. அது வளர்ந்து 1984-இல் இரண்டரை லிட்டராகி, 1986-இல் டர்போ பெற்று, 1989-இல் 200 டி.டி.ஐ. ஆயிற்று. பெயரும் வலிமையும் மாறியும், கியர்ப் பெட்டியோடு சேரும் முகம் பெரிதும் மாறவில்லை. பழைய வண்டியின் முன்புறத் தகடுகளும் போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டவையே. அவற்றைக் கழற்றிவிட்டுச் சங்கிலிக் கப்பி ஒன்றும் உதவிக்கு ஒரு நண்பரும் கிடைப்பின், பழைய எஞ்சினைத் தூக்கிப் புதியதை இறக்குதல் வீட்டிலேயே நிகழ்வதாயிற்று.

இறக்கியதும் வேலை முடிந்ததென்று நினைப்பவர் ஏமாறுவர். எம் பாடத்தின் வாசனை ஈண்டு வீசினால் வாசகர் பொறுப்பாராக. நிலைமொழியும் வருமொழியும் புணருங்கால் தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் விகாரங்கள் உண்டாதல் போல், நின்ற வண்டியும் வந்த எஞ்சினும் புணரும் இடத்தும் மூன்றும் உண்டாகின்றன. பெட்ரோல் வண்டியாயின் ஸ்பார்க் பிளக்கும் காயிலும் கார்புரேட்டரும் கெடுகின்றன. எஞ்சினைத் தாங்கும் பிடிகளும் புகைக்குழாயும் திரிகின்றன. டிஸ்கவரி எஞ்சினில் டர்போ தாழ அமைந்திருத்தலின் சேஸிஸை ஒட்டி இடநெருக்கம் உண்டு, அவ்விடத்துத் திரிபே மிகுந்த தொல்லை தருவது. வேகமிதியைக் கோல்களால் இணைத்திருந்த இடத்தில் கேபிள் வருகிறது. செலவாகாத டீசலைத் தொட்டிக்கு மீட்டனுப்பும் குழாய் புதிதாய்த் தோன்றுகிறது. அதனை மறந்தோர் பலர். மற்றொன்று: பெட்ரோல் எஞ்சினை நிறுத்த மின்பொறியை அறுத்தாற் போதும், டீசலுக்குப் பொறி இல்லை, எண்ணெயை அடைத்தாலன்றி அது நில்லாது. அவ்வடைப்பானுக்குச் சாவியிலிருந்து ஒரு கம்பி இழுக்கவேண்டும்.

இவ்வளவும் எஞ்சினைச் சார்ந்த வேலை. எம் கட்சி தொடங்குவது இதற்கப்பால். எஞ்சின் மாற்றியோரிற் பலர் தம் வெற்றியைக் கூறுங்கால், மலையில் எவ்வேகத்தில் ஏறினோம், ஒரு காலனுக்கு எத்தனை மைல் கண்டோம் என்பவற்றையே கூறுகின்றனர். எவ்வளவு தூரத்தில் நிறுத்தினோம் என்று கூறுவோர் சிலரே. பழைய வண்டியின் நான்கு சக்கரங்களிலும் இருப்பவை டிரம் பிரேக்குகள். 70 குதிரைத்திறனுக்கும், அது தரும் மெல்லிய வேகத்திற்கும் போதுமென அமைக்கப்பட்டவை அவை. குறுகிய வண்டிகளுக்குப் பத்து அங்குல டிரம், நீண்டவற்றிற்குப் பதினோரங்குலம். சில வண்டிகளில் பிரேக்குக்குத் துணையாகும் ‘சர்வோ’ உண்டு. அது பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சுங்கால் உண்டாகும் வெற்றிடத்தால் இயங்குவது. டீசல் எஞ்சின் அவ்வாறு வெற்றிடம் தருவதில்லை. அதற்கெனத் தனிப் பம்பு வேண்டும். 200 டி.டி.ஐ.யில் அப்பம்பு உடன் வருகிறது. அதனை இணையாது விட்டவனுடைய வண்டி முன்னிலும் வேகமாக ஓடும். முன்னிலும் மெதுவாக நிற்கும்.

கியர்ப் பெட்டியும் பின்னச்சின் உட்கோல்களும் அங்ஙனமே. முறுக்குவிசை இருமடங்கானால் அதனைத் தாங்குவன அவையே. பழைய உட்கோல்கள் முறிதல் லாண்ட் ரோவர்க்காரர் யாவரும் அறிந்தது. அச்சின் பல்விகிதமும் 4.7-க்கு 1 என மிகத் தாழ்ந்திருத்தலின், நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறுமேயன்றி வண்டி விரையாது. பிற்காலத்து வண்டியின் 3.54 விகிதப் பற்சக்கரத் தொகுதியை அவ்விடத்தில் வைப்போரும், ஓவர்டிரைவ் சேர்ப்போரும் உண்டு. புதுத் திராட்சரசத்தையும் பழந்துருத்தியையும் பற்றிய நம் ஆண்டவருடைய உவமை கிறிஸ்தவ வாசகர்க்கு ஈண்டு நினைவு வரும். அதனை எடுத்துக்காட்டி எஞ்சின் மாற்றத்தையே கண்டிப்பாரும் உளர். அவ்வுவமையில் ரசம் சிந்தாமலும் துருத்தி கெடாமலும் இரண்டும் காக்கப்படுதல் கருதப்பட்டமையை அவர் நோக்கினாரில்லை. பிரேக்கை முதலிலும், அச்சையும் கியரையும் அடுத்தும், எஞ்சினைக் கடைசியிலும் மாற்றுவோனை யாம் குறைகூறோம். பெரும்பாலோர் செய்வது தலைகீழ். எஞ்சின் வாங்கக் கைப்பணம் செலவழிந்தபின், பிரேக்கு ‘அடுத்த மாதம்’ ஆகிவிடுகிறது.

இவர்களிடையே எம் மதிப்புக்குரியோர் ஒரு சாரார் உளர். அவர் இவ்வெஞ்சினை வாங்கி, அதிலுள்ள டர்போவையே கழற்றிவிடுகின்றனர்! காற்று குறைந்தமைக்கு ஏற்ப பம்பின் திருகைத் தணித்து எண்ணெயையும் குறைக்கின்றனர். குறையாவிடின் கரும்புகை கக்கும். வலிமையில் ஒரு பெரும்பகுதி போய்விடுகிறது. எஞ்சியது பழைய டீசலினும் சற்று மிகுதியான, சிக்கனமான, பழைய கியர்ப் பெட்டி தாங்கக்கூடிய வலிமை. குளிர்விப்பானுக்கு இடம்தேடி முகப்பை வெட்டவும் வேண்டுவதில்லை. கேலி செய்வோர் இவரைக் ‘கிடைத்ததை எறிந்தவர்’ என்பர். தம் வண்டி எவ்வளவு பொறுக்கும் என்று கணக்கிட்டு, அதற்குமேல் வேண்டாமென்று திருகைத் திருப்பும் கையை யாம் பெரிதும் மதிக்கின்றோம். டர்போவை வைத்துக்கொள்வோர் தவறு செய்கின்றனர் என்பது எம் கருத்தன்று. வைத்துக்கொள்வோர் அதற்குரிய செலவை முற்றும் ஏற்கவேண்டும் என்பதே.

இனி எதிர்க்கட்சி. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே வண்டியைக் காக்கவேண்டும், எஞ்சின் மாறினால் வரலாறு அழிந்தது என்பது அவர் வாதம். 1948-ஆம் ஆண்டு வண்டிகளைப் போன்ற அரியனவற்றிற்கு இவ்வாதம் முற்றும் பொருந்தும். அவற்றைத் தொடுதல் ஆகாது. ஆனால் ஆயிரக்கணக்கிற் பிறந்து, பண்ணைகளில் உழைத்து, முன்னரே பலகால் எஞ்சின் மாறிய சாதாரண வண்டிக்கும் அதனைக் கூறுதல் மிகை. உழைப்பதற்கென்று செய்த வண்டி உழைத்துக்கொண்டிருப்பதும் அதன் வரலாற்றின் பகுதியே. ஓடாத வண்டி மழையில் நின்று, புல் முளைத்து, முடிவில் பழைய இரும்புக்குப் போவதை யாரும் வரலாற்றைக் காத்தல் என்று சொல்லார்.

இவரினும் வலிய எதிர்வாதம் புகையைப் பற்றியது. இதற்கு எம்மிடம் எளிய விடை இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, டீசல் எஞ்சினின் புகை மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பது என 2012 ஜூன் மாதத்தில் வகுத்தது. 200 டி.டி.ஐ.யோ ஐரோப்பியப் புகைக் கட்டுப்பாடுகளுக்கு முற்பட்டது. கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி அதில் இல்லை. லண்டன் மாநகர் முழுவதையும் 2023 ஆகஸ்டு 29 முதல் குறைபுகை மண்டலமாக்கி, அளவு மீறிய வண்டிகளுக்குக் கட்டணம் விதித்தனர். ஆனால் நாற்பது ஆண்டு கடந்து ‘வரலாற்று வண்டி’ எனப் பதிவுபெற்றவற்றிற்கு விலக்கு அளித்தனர். விலக்கு வண்டியின் வயதுக்கு வாய்த்தது. புகை வருவதோ வயதிற் குறைந்த எஞ்சினிலிருந்து. சட்டத்தில் வழுவில்லை. எனினும் அவ்விலக்கைக் கொண்டு நாள்தோறும் நகரத்துத் தெருவில், பள்ளிக்குப் போகும் குழந்தைகள் நடுவே ஓட்டுவதை யாம் ஒப்போம். சேற்றிலும் மேட்டிலும் நாட்டுப்புறத்திலும் மாதத்தில் சில நாள் ஓடும் வண்டிக்கு எம் இசைவு உண்டு. இக்கோட்டை எங்கே கிழிப்பது என்பதில் எம் நண்பர் எம்மோடு மாறுபடுவர், மாறுபடுக.

மற்றொரு விலக்கும் கவலைக்குரியது. 2018 மே மாதம் முதல், நாற்பது ஆண்டு கடந்து பெருமாறுதல் அடையாத வண்டிகள் இங்கிலாந்தில் ஆண்டுதோறும் நிகழும் பரிசோதனைக்கு வரவேண்டுவதில்லை. எஞ்சின் மாற்றம் பெருமாறுதல் ஆகுமோ ஆகாதோ என்று விதியின் எழுத்தை ஆராய்ந்துகொண்டிருப்போர் பலர். தன் கொட்டகையில், தன் கையால், தன் கணக்கால் எஞ்சின் மாற்றியவனே பிறர் கண்ணுக்குத் தன் வேலையைக் காட்டவேண்டியவன். விதி விலக்கினும் அவன் தானே சென்று பரிசோதனை பெறலாம், கட்டணமும் பெரிதன்று. எஞ்சின் எண்ணும் எண்ணெய் வகையும் மாறியமையைப் பதிவு அலுவலகத்திற்கும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திற்கும் தெரிவித்தலும், பின்னாளில் விற்குங்கால் வாங்குவோனிடம் ஒளியாது சொல்லுதலும் அவன் கடமை.

கழற்றிய பழைய எஞ்சினைப் பற்றியும் ஒரு சொல். அதனை இரும்புக்கடைக்கு அனுப்பவேண்டா. சேஸிஸின் பிடிகளை வெட்டாமல், போல்ட்டால் இணையும் பிடிகளைக் கொண்டே புதியதை நிறுத்தி, பழையதை எண்ணெய் தடவிச் சாக்கில் மூடிக் கொட்டகையின் மூலையில் வைத்திருப்போர் சிலர் உண்டு. அடுத்த தலைமுறையில் ஒருவன் அவ்வண்டியைப் பழையபடியே ஆக்க விரும்பினால், அவனுக்கு வேண்டுவது ஒரு வாரமும் சங்கிலிக் கப்பியுமே.