பட்டுப்போன செடியைப் பிள்ளையிடமிருந்து மறைக்காதீர்



வீட்டில் செடி வளர்ப்பதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். செடி வளர்த்தால் மனம் அமைதி பெறும், காய்கறிச் செலவு குறையும் என்பனவெல்லாம் நாம் அறிந்தவையே. அவற்றைத் திரும்பவும் எழுதுவதில் பயனில்லை. இன்று நான் எழுத வந்தது வேறொன்று. அதற்குக் காரணம் ஒரு மிளகாய்ச் செடி.

2023ஆம் ஆண்டில் என் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு ஓர் இடுபணி கொடுத்தேன். வீட்டுச் சமையலறையில் உள்ள காய்ந்த மிளகாயிலிருந்து விதை எடுக்க வேண்டும். அதை ஏதேனும் ஒரு கலத்தில் விதைத்துப் பத்து வாரம் வளர்க்க வேண்டும். வாரம் ஒருமுறை உயரத்தை அளந்து, இலைகளை எண்ணி, படம் வரைந்து ஏட்டில் குறிக்க வேண்டும். பத்தாவது வாரம் செடியைப் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டும்.

அந்த நாளில் ஒரு மாணவி கொண்டுவந்த செடியே வகுப்பில் சிறந்த செடி. தண்டு தடித்து, இலைகள் கரும்பச்சையாய், ஆறு வெள்ளைப் பூக்களோடு நின்றது. எல்லாரையும் கைதட்டச் சொன்னேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை. ஓய்வு நேரத்தில் தனியாக வந்து நின்றாள்.

"டீச்சர், இது என் செடி இல்ல. என் செடி செத்துப் போச்சு. அம்மா வேற வாங்கி வச்சிட்டாங்க. எனக்குத் தெரியும்னு அம்மாவுக்குத் தெரியாது. சொல்லிடாதீங்க டீச்சர், அவங்க வருத்தப்படுவாங்க."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். தன் ஏட்டைத் திறந்து ஐந்தாம் வாரப் படத்தைக் காட்டினாள். இடப்பக்கத்து இலையில் ஒரு சிறு ஓட்டை. ஏதோ பூச்சி கடித்த தடம். அந்த ஓட்டை புதுச் செடியில் இல்லை.

சில வாரங்களுக்குப் பின் பெற்றோர் சந்திப்பு நாளில் தாயார் வந்தார். அவரே அந்தச் செய்தியைச் சிரித்துக்கொண்டு சொன்னார். வேலை முடிந்து வரும் வழியில் செடி விற்கும் கடையில் வாங்கினாராம். பிள்ளை உறங்கிய பின் மாற்றி வைத்தாராம். "பாவம் டீச்சர், பாத்தா அழுவா" என்றார். நான் பிள்ளைக்குக் கொடுத்த வாக்கைக் காத்து வாய் திறவாமல் இருந்தேன். தாய் மகளுக்காக மறைத்தார். மகள் தாய்க்காக மறைத்தாள். நான் இருவருக்காகவும் மறைத்தேன். ஒரு சிறு மிளகாய்ச் செடியைச் சுற்றி மூவர் பொய்யாக நடந்துகொண்டோம்.

அவள் ஆறாம் ஆண்டை முடித்துப் போகும்போது தானே தாயிடம் சொல்லிவிட்டாள். இருவரின் இசைவோடுதான் இதை எழுதுகிறேன்.

தவறு தாயிடம் மட்டுமா?

இல்லை என்பதே என் கருத்து. அந்தத் தாய்க்கு இந்த வழியைக் காட்டியவர்கள் ஆசிரியர்களாகிய நாமே.

நான் முன்பு பணியாற்றிய ஒரு பள்ளியில், பசுமைப் போட்டிக்கு நீதிபதிகள் வருவதற்கு இரண்டு நாள் முன்னர், பூத்துக் குலுங்கும் செடிகளைத் தொட்டிகளோடு விலைக்கு வாங்கி வரிசையாக அடுக்கினோம். 'மாணவர் கைவண்ணம்' என்று பலகையும் நட்டோம். அந்தத் தொட்டிகளை லாரியிலிருந்து இறக்கிச் சுமந்தவர்கள் மாணவர்களே! அடுத்து வந்த பள்ளி விடுமுறையில் தண்ணீர் ஊற்ற யாரையும் அமர்த்தவில்லை. பாதிச் செடிகள் கருகின. அவற்றையும் மாணவர்களே குப்பையில் கொட்டினர். அந்தச் செயற்குழுவில் நானும் இருந்தேன். அன்று அந்தப் பிள்ளைகள் என்ன கற்றிருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டபோது நாம் மகிழ்ந்தோம். இனி மதிப்பெண்ணுக்காக ஓட வேண்டாம், பிள்ளை கற்கும் வழியைப் பார்ப்போம் என்றோம். வகுப்புசார் மதிப்பீடு அதற்காகவே வந்தது. நடப்பில் என்ன செய்கிறோம்? செடியின் படத்தைப் புலனத்தில் அனுப்பச் சொல்கிறோம். படம் பச்சையாக இருந்தால் உயர்ந்த அடைவுநிலை போடுகிறோம். பிள்ளை வளர்ந்ததா என்பதை விட்டுவிட்டுச் செடி வளர்ந்ததா என்று பார்க்கிறோம். அப்படியிருக்க, பெற்றோர் கடையில் செடி வாங்காமல் வேறென்ன செய்வார்?

செத்த செடி சொல்லும் பாடம்

அந்த மாணவியின் செடி ஏன் பட்டுப்போனது? பின்னர் அவளிடம் விசாரித்தேன். அவள் விதைத்தது ஐஸ்கிரீம் டப்பாவில். அடியில் துளை இல்லை. செடியின்மீது கொண்ட அன்பினால் காலை, மாலை, இரவு என மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். வேருக்கும் காற்று வேண்டும். மண்ணின் இடுக்குகளில் நீரே நிரம்பி நின்றால் வேர் மூச்சுமுட்டி அழுகிவிடும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. எனவே மேலே இலை வாடும். வாடிய இலையைக் கண்ட பிள்ளை, தாகம் என்று எண்ணி இன்னும் ஊற்றும். செடி சாகும்.

இதைவிடச் சிறந்த அறிவியல் பாடம் எந்தப் பாடநூலில் இருக்கிறது? பிள்ளை தன் கண்ணால் கண்ட ஒன்று. தன் கையால் செய்த தவறு. தானே காணக்கூடிய காரணம். அந்தப் பாடத்தைத்தான் கடையில் வாங்கிய செடி களவாடிவிட்டது.

அடுத்த ஆண்டு விதியை மாற்றினேன். மதிப்பீடு ஏட்டுக்கே, செடிக்கு இல்லை என்று முதல் நாளே அறிவித்தேன். பட்டுப்போன செடியையும் கலத்தோடு கொண்டுவரலாம் என்றேன். பலர் கொண்டுவந்தார்கள். வேரைப் பிடுங்கிக் கழுவிப் பார்த்தோம். துளையில்லாக் கலம், வெயில் படாத கழிவறைச் சன்னல், நத்தை, அடைமழை, பாட்டி வீட்டுக்குப் போன ஒரு வாரம் எனக் காரணங்களைக் கரும்பலகையில் பட்டியலிட்டோம். ஒரு மாணவன் எழுதியிருந்தான்: 'நான் மறந்துவிட்டேன்.' அவனுக்கு நான் உயர்ந்த அடைவுநிலையே கொடுத்தேன். அவன் மீண்டும் விதைத்தான். அந்த இரண்டாம் செடி காய்த்தது.

நமக்கும் செடிக்கும் உள்ள உறவு

நம் நாட்டில் 'தோட்டம்' என்ற சொல்லைக் கேட்டால் நம்மவர் நினைவுக்கு முதலில் வருவது இரப்பர்த் தோட்டமே. நானும் பேரா மாநிலத்தில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவள்தான். பால்மரக் காடு துரைக்குச் சொந்தம். லயத்துப் பின்புறத்து நான்கு அடி நிலம் அம்மாவுக்குச் சொந்தம். அங்கே முருங்கை, கறிவேப்பிலை, கத்தரி, பசலைக் கீரை. அரிசி கழுவிய நீர் அவற்றுக்கே. சம்பளத்திற்கு முந்திய வாரத்தில் எங்கள் குழம்பு அந்த நான்கு அடியிலிருந்துதான் வந்தது.

1974இல் பிரதமர் துன் அப்துல் ரசாக் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, வெறும் நிலத்திலெல்லாம் உணவுப் பயிர் வளர்க்க மக்களை ஊக்குவித்தார். நம் தாய்மாருக்கு அது புதிய செய்தியன்று.

பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. நம்மவர் தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தோம். முன்வாசலைச் சிமெண்டு பூசி மகிழுந்து நிறுத்தினோம். கறிவேப்பிலையைக் கட்டுக்கட்டாய் விலைக்கு வாங்கத் தொடங்கினோம். ஒரே தலைமுறையில் அந்தக் கைப்பழக்கம் போய்விட்டது. 18 மார்ச் 2020இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது என் தாமானில் வீட்டுக்கு வீடு பூத்தொட்டி முளைத்தது. கட்டுப்பாடு தளர்ந்ததும் பல தொட்டிகள் வெறும் மண்ணோடு நின்றன. செடியைப் பொழுதுபோக்காக மட்டும் கண்டால் முடிவு இப்படித்தான் இருக்கும்.

சொல்லும் வாடுகிறது

தமிழ்ப்பள்ளி ஆசிரியை என்ற முறையில் எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. நம் பிள்ளைகளுக்கு 'இலை' தெரியும். கொழுந்தும் தளிரும் சருகும் தெரியவில்லை. 'பூ' தெரியும், அரும்பு எது, மொட்டு எது என்றால் விழிக்கிறார்கள். மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் தமிழின் சொல்வளத்தைக் காட்டச் செடிகொடிகளையே எடுத்துக்கொண்டார். தென்னைக்கும் பனைக்கும் ஓலை, கரும்புக்குத் தோகை, நெல்லுக்குத் தாள். மாவின் பிஞ்சு வடு, பலாவின் பிஞ்சு மூசு, வாழையின் பிஞ்சு கச்சல். இந்தச் சொற்களைச் சொல்வதெழுதலில் கொடுத்துப் பயன் இல்லை. மிளகாய்ச் செடியில் வெள்ளைப் பூ உதிர்ந்த இடத்தில் பச்சைப் புள்ளியாய் ஒன்று தோன்றும் நாளில், "அம்மா, பிஞ்சு விட்டிருக்கு!" என்று பிள்ளை கூவ வேண்டும். அன்று கற்ற சொல் வாழ்நாளில் மறக்காது.

இடமில்லை, நேரமில்லை என்பார்க்கு

அடுக்குமாடியில் எங்கே வைப்பது என்று கேட்பீர்கள். வெயில் படும் இடம் ஓர் அடி இருந்தால் போதும். ஐந்து கிலோ சமையல் எண்ணெய்க் கலனின் மேற்பகுதியை வெட்டி, அடியில் நான்கைந்து துளை இடுங்கள். மண் மூன்று பங்கு, மக்கிய எரு இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு. ஆட்டுப் புழுக்கை எருவாக எளிதில் கிடைக்கும். பிள்ளையின் வயதுக்கும் பொறுமைக்கும் ஏற்றபடி செடியைத் தேர்ந்தெடுங்கள்.

1. கங்கோங் கீரை: பொறுமை குறைந்த பிள்ளைக்கு. 25 முதல் 30 நாளில் பறிக்கலாம். ஈரம் மிகுதியாக இருந்தாலும் தாங்கும்.

2. வெண்டை: விதையை ஓரிரவு ஊறவைத்து நேரே விதைக்கலாம். ஒரு வாரத்திற்குள் முளைக்கும். ஏறத்தாழ இரண்டு மாதத்தில் காய்க்கும். மஞ்சள் பூ காலையில் விரிந்து அன்றே வாடும். எனவே பிள்ளை காலையிலேயே எழுந்து பார்க்க வேண்டும்.

3. மிளகாய்: முளைக்கவே ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். காத்திருக்கக் கற்பிக்கும் செடி.

4. எலுமிச்சைப் புல்: நாம் செராய் என்று சந்தையில் வாங்குவதே. அடிக்கிழங்கோடு ஒரு தண்டை ஊன்றினால் வேர்விடும். எளிதில் சாகாது.

5. கறிவேப்பிலை: மெல்ல வளரும். ஆனால் பல்லாண்டு நிற்கும். எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் சிலவகை வண்ணத்துப்பூச்சிகள் தேடிவந்து முட்டையிடும். புழு இளமையில் பறவை எச்சம்போல் இருக்கும், பின்னர்ப் பச்சையாகும். உடனே மருந்து தெளிக்க வேண்டாம். ஒரு கிளையை அதற்கு விட்டுக்கொடுங்கள். ஏறத்தாழ ஒரு மாதத்தில் முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி என நான்கு நிலைகளையும் பிள்ளை வீட்டிலேயே கண்டுவிடும்.

ஓர் எச்சரிக்கை. தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கவிடாதீர். ஏடிஸ் கொசுவின் முட்டை 7 முதல் 10 நாளில் கொசுவாகிவிடும். கொசு பெருக இடந்தருவது 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். வாரம் ஒருமுறை தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவும் வேலையையும் பிள்ளைக்கே கொடுங்கள். முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். நீரைக் கொட்டினால் மட்டும் போகாது.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் என் வேண்டுகோள்

பத்து வயதுப் பிள்ளையால் தனியாக முடியுமா என்று சில நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. துளை இடுவதைப் பெரியவர் செய்யலாம். எப்போது ஊற்றுவது என்று சொல்லித் தரலாம்: விரலை ஒரு கணு அளவு மண்ணில் விட்டுப் பார், ஈரம் இருந்தால் ஊற்றாதே. பிள்ளை மறந்திருந்தால் ஒருமுறை நினைவூட்டலாம். ஆனால், பிள்ளைக்குத் தெரியாமல் நாம் ஊற்றக் கூடாது. பிள்ளைக்குத் தெரியாமல் மாற்றக் கூடாது.

செடி பட்டுப்போனால் பிள்ளை அழும். அழட்டும். பக்கத்தில் உட்காருங்கள். பிறகு இருவருமாக வேரைப் பிடுங்கிப் பாருங்கள். விதை மிளகாய் டப்பாவில் இன்னும் இருக்கிறது.

ஆசிரிய நண்பர்களே, பச்சைப் படத்துக்கு மதிப்பெண் கொடுப்பதை நிறுத்துவோம். நீதிபதிகள் வருகிறார்கள் என்றால் நம் மாணவர் வளர்த்த நாலு செடியைக் காட்டுவோம். அவற்றில் இரண்டு வாடியிருந்தால் வாடியபடியே காட்டுவோம். பரிசு போகும், போகட்டும். நம் பிள்ளைகள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இலையில் இருந்த ஓர் ஓட்டையைக்கூட அவர்கள் மறப்பதில்லை.