வயலுக்கு அடியில் குழாய்: பார்க்கிற கருவி இருக்கு, தகவல் யார் கையில் இருக்கு?

2017 ஜூன் 30. கும்பகோணத்தை அடுத்த கதிராமங்கலத்தில், ஓஎன்ஜிசி குழாயில் கசிவு ஏற்பட்டு கச்சா எண்ணெய் வயலில் பரவியது. ஊர் மக்கள் திரண்டார்கள். தடியடி நடந்தது. பேராசிரியர் த. ஜெயராமன் உள்ளிட்ட பலர் கைதாகி, ஒரு மாதத்துக்கும் மேல் சிறையில் இருந்தார்கள்.

அந்தப் போராட்டத்தின் அரசியல் பற்றி நிறைய பேசியாச்சு. ஆனா அதிகம் பேசப்படாத கேள்வி ஒன்று இருக்கு. மண்ணுக்குள் இருக்கும் குழாயையும் அதன் பழுதையும் தோண்டாமலே கண்டுபிடிக்க இன்று பல கருவிகள் உண்டு. அவை சொல்லும் தகவல் யாருக்குப் போகிறது? நிலத்தின் சொந்தக்காரருக்குப் போகிறதா?

டெல்டா மண்ணுக்கு அடியில் என்ன இருக்கு?

நரிமணம், கமலாபுரம், குத்தாலம், கதிராமங்கலம் என்று காவிரிப் படுகையில் பல இடங்களில் எண்ணெய், எரிவாயு எடுக்கப்பட்டு வருகிறது. கிணற்றிலிருந்து சேகரிப்பு நிலையத்துக்கும், அங்கிருந்து ஆலைக்கும் போக இரும்புக் குழாய்கள் வேண்டும். அவை பெரும்பாலும் ஒரு மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் வயல்களுக்கு அடியில்தான் போகின்றன. மேலே நடவு, களையெடுப்பு, அறுவடை எல்லாம் வழக்கம்போல நடக்கும். அங்கங்கே நட்டிருக்கும் அடையாளக் கற்களைத் தவிர வெளியே எதுவும் தெரியாது.

குழாய் ஏன் கசியுது?

முக்கியமான எதிரி துரு. ஈரமான மண் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், உப்புச் சேர்ந்தால் இன்னும் அதிகம். குழாயின் மேல்பூச்சில் சின்ன ஓட்டை விழுந்தாலும் போதும், அந்த இடத்தில் இரும்பு அரிக்க ஆரம்பிக்கும். இதைத் தடுக்கத்தான் குழாய்க்குத் தொடர்ந்து ஒரு சிறிய மின்னோட்டம் கொடுத்து வைக்கிறார்கள். மாதக்கணக்கில் தண்ணீர் நிற்கிற நெல் வயல், கடலை ஒட்டிய உப்பு மண் இரண்டுமே இரும்புக்குச் சாதகமான இடங்கள் கிடையாது.

உள்ளேயிருந்தும் துரு வரும். 2014 ஜூன் 27 அன்று ஆந்திராவின் கோதாவரி டெல்டாவில், நகரம் என்ற ஊரில் கெயில் நிறுவனக் குழாய் வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஈரம் நீக்கிய எரிவாயுவுக்கான குழாயில் தண்ணீர் கலந்த வாயு போனது, அதனால் உள்பக்கம் அரித்தது என்பது விசாரணையில் தெரியவந்தது. அதுவும் நம்மைப் போல ஒரு நெல் டெல்டாதான்.

தோண்டாமல் எப்படிப் பார்க்கிறாங்க?

*ரேடார்:* தள்ளுவண்டி மாதிரி ஒரு கருவி. தரைக்குள் ரேடியோ அலையை அனுப்பி, எதில் பட்டுத் திரும்புகிறது என்று பார்க்கும். குழாய் இருந்தால் திரையில் கவிழ்த்த கிண்ணம் போல ஒரு வளைவு தெரியும். காய்ந்த மணலில் பல மீட்டர் ஆழம் வரை பார்க்கலாம். ஈரக் களிமண் இந்த அலையை உறிஞ்சிவிடும். அங்கே ஒரு மீட்டர் ஆழம் பார்ப்பதே சிரமம். அதாவது, குழாய் கிடக்கும் ஆழத்துக்குப் போவதற்குள்ளேயே டெல்டா களிமண்ணில் ரேடார் மங்கிவிடும். ஆற்றுப் படுகை மணலில் நன்றாக வேலை செய்யும். வயலில் என்றால் தாளடி அறுவடை முடிந்து, ஜூனில் மேட்டூர் அணை திறப்பதற்கு முந்தைய கோடைதான் ஓரளவு சரியான நேரம். வெளிநாட்டு விளம்பரத்தைப் பார்த்து ஒரு கருவியை வாங்குவதற்கு முன்னால் நம்ம மண்ணைப் பார்க்கணும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

*மின்காந்தத் தேடல்:* குழாயில் ஒரு சிறிய மின் சைகையைச் செலுத்தி, அது உண்டாக்கும் காந்தப்புலத்தை மேலே நடந்துகொண்டே பிடிப்பது. களிமண் இதற்குப் பெரிய தடை இல்லை. குழாய் போகும் வழி, ஆழம் இரண்டும் கிடைக்கும். ஆனா இது உலோகத்துக்குத்தான். பிளாஸ்டிக் குழாய் என்றால், பதிக்கும்போதே கூடவே ஒரு கம்பியும் போட்டிருக்க வேண்டும்.

*'பிக்':* குழாய்க்குள்ளேயே ஓடும் கருவி. வலுவான காந்தத்தால் குழாய்ச் சுவரைக் காந்தமாக்கிக்கொண்டே போகும். சுவர் மெலிந்த இடத்தில் காந்தப்புலம் வெளியே கசியும், உணரிகள் அதைப் பதிவு செய்யும். ஓட்டை விழுவதற்கு முன்பே எச்சரிக்கும் என்பதுதான் இதன் பலம். பாபா அணு ஆராய்ச்சி மையமும் இந்தியன் ஆயில் நிறுவனமும் சேர்ந்து இந்த வகைக் கருவியை இந்தியாவிலேயே உருவாக்கியிருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், குறுகலான, கூர்மையான வளைவுகள் உள்ள பழைய குழாய்களில் இது ஓடாது. கிணற்றிலிருந்து கிளம்பும் சின்னக் குழாய்களில் பல அப்படிப்பட்டவை.

*ஒளியிழை:* நம்ம இன்டர்நெட் கேபிளில் இருக்கிற அதே கண்ணாடி இழைதான். குழாயை ஒட்டிப் பதித்து லேசர் அனுப்பினால், பல கிலோமீட்டர் தூரத்துக்கு மைக் வரிசை போலச் செயல்படும். பக்கத்தில் ஜேசிபி தோண்டினாலும் தெரியும். வாயு கசிந்தால் அந்த இடம் குளிர்ந்துவிடும், அதுவும் தெரியும். புதிய குழாய்க்குச் சுலபம். பழைய குழாய்க்கு மறுபடி வயலைத் தோண்டணும்.

இவை போக, குழாயின் ஒரு முனையில் போன அளவும் மறுமுனையில் வந்த அளவும் ஒத்துப்போகிறதா என்று கணினி பார்க்கும். பெரிய உடைப்பு உடனே தெரியும். ஓட்டத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான கசிவு பல நேரம் தப்பிவிடும். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தால், ஒரு மா நிலத்தைக் கெடுக்க அதுவே போதும்.

சட்டம் என்ன சொல்லுது?

1962-ஆம் ஆண்டு பெட்ரோலியம், கனிமக் குழாய்கள் சட்டப்படி நிலம் விவசாயியின் பெயரிலேயே இருக்கும். நிறுவனத்துக்குக் கிடைப்பது 'பயன்பாட்டு உரிமை'. அதற்கு இழப்பீடு, நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். பயிர்ச்சேதத்துக்குத் தனியாக உண்டு. குழாய் போகும் பட்டையில் வீடு, கிணறு, குளம் கூடாது, மரம் நடக் கூடாது. விவசாயம் செய்யலாம்.

இந்த ஏற்பாட்டில் நில உரிமையாளருக்குக் கட்டுப்பாடுகள் இருக்கு. குழாயின் வயது என்ன, கடைசியாக எப்போது சோதித்தார்கள், சுவர் எவ்வளவு மெலிந்திருக்கு என்பதை அவருக்குச் சொல்லும் வழக்கம்தான் இல்லை. பட்டா, சிட்டாவிலும் குழாய் எந்த ஆழத்தில் போகிறது என்று பார்க்க முடியாது.

2020-இல் தமிழக அரசு கொண்டுவந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்குத் தடை போட்டது. ஏற்கெனவே நடந்துவரும் பணிகளை அது தொடாது. ஆக, இனி வராது என்பதற்கு ஒரு பதில் கிடைத்திருக்கு. ஏற்கெனவே மண்ணுக்குள் துருப்பிடித்துக்கொண்டிருக்கும் இரும்புக்கு என்ன பதில்?

மற்ற இடங்களில் எப்படி?

அமெரிக்காவில் 2007 முதல் 811 என்ற எண் இருக்கு. தோட்டத்தில் குழி வெட்டுகிறவர்கூட இலவசமாகக் கூப்பிடலாம். குழாய், கேபிள் நிறுவனங்கள் ஆள் அனுப்பித் தரையில் பெயின்ட் அடித்துக் காட்டும்.

இந்தியாவிலும் 2023 மார்ச் 22 அன்று 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலி அறிமுகமானது. தோண்டுபவரையும் அடியில் குழாய், கேபிள் வைத்திருப்பவரையும் இது இணைக்கிறது. கண்மூடித்தனமாகத் தோண்டுவதால் ஆண்டுக்கு சுமார் 3,000 கோடி ரூபாய் நஷ்டம் என்று அப்போது மத்திய அரசு சொன்னது. நல்ல ஆரம்பம்தான். ஆனா இது குழாயை மனிதரிடமிருந்து காப்பாற்றுகிற ஏற்பாடு. குழாயிடமிருந்து வயலைக் காப்பாற்ற இன்னொரு ஏற்பாடு தேவை.

என்ன செய்யலாம்?

மூன்று விஷயங்கள், எதற்கும் புதுக் கண்டுபிடிப்பு வேண்டாம். முதலில், சர்வே எண் வாரியான குழாய் வரைபடம் ஊராட்சி அலுவலகத்திலும் விஏஓ அலுவலகத்திலும் இருக்கணும். இரண்டாவது, ஒவ்வொரு குழாயின் வயதும் கடைசிச் சோதனை முடிவும் ஒரு பக்கத்தில் தமிழில் வெளியாகணும். மூன்றாவது, கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணி அடித்தால், அந்த சர்வே எண்களுக்கு உரியவர்களின் செல்போனுக்கும் உடனே குறுஞ்செய்தி போகணும்.

வரைபடத்தை வெளியிட்டால் திருட்டும் நாசவேலையும் நடக்கும் என்பது நிறுவனங்களின் வாதம். வட மாநிலங்களில் குழாயில் துளை போட்டுத் திருடுவது உண்மையிலேயே நடக்கிறது. ஆனா குழாய் போகும் பாதையை அடையாளக் கற்களே காட்டிக்கொண்டிருக்கின்றன. வால்வு, அழுத்தம் போன்ற விவரங்களை மறைத்துவிட்டு, நிலத்துக்காரருக்குத் தேவையானதை மட்டும் சொல்வதில் என்ன ஆபத்து?

ஊரில் நிலம் இருக்கா? இதைத் தெரிஞ்சுக்கோங்க

சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கிறீர்கள், ஊரில் அப்பா நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார் என்றால், இதை அவருக்கு அனுப்பி வையுங்கள்.

• குழாய் பாதையில் மட்டும் வரிசையாகப் பயிர் கருகுவது, நிற்கும் தண்ணீரில் விடாமல் குமிழி வருவது, 'உஸ்' சத்தம் ஆகியவை எச்சரிக்கைகள். வாசனையை நம்பாதீர்கள். இயற்கை எரிவாயுவுக்குத் தனியாக மணம் இல்லை. சிலிண்டரில் வரும் நாற்றம் சேர்க்கப்பட்டது.

• தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் படலம் தெரிந்தால், ஒரு குச்சியால் கிளறுங்கள். சில்லு சில்லாக உடைந்தால் பெரும்பாலும் மண்ணில் இருக்கும் இரும்பு பாக்டீரியாதான். உடைந்து மறுபடி ஒன்றுசேர்ந்தால் எண்ணெயாக இருக்கலாம்.

• சந்தேகம் வந்தால் பம்ப்செட் மோட்டாரைப் போடாதீர்கள், பீடி, தீக்குச்சி கூடாது. காற்று வரும் திசை நோக்கி விலகிப் போய், பிறகு 112-ஐ அழையுங்கள்.

• அடையாளக் கல்லில் நிறுவனத்தின் அவசர எண் இருக்கும். அதை இன்றைக்கே போட்டோ எடுத்து வீட்டில் எல்லோருக்கும் அனுப்பிவிடச் சொல்லுங்கள்.