மே விடுமுறையில் தென்னாப்பிரிக்கா: ஊராருக்கு ஒரு திறந்த மடல்

தரங்கம்பாடி வட்டாரத்துச் சொந்தங்களுக்கு,

தென்னாப்பிரிக்காவில் பருவங்கள் தலைகீழ். ஊரில் அக்னி நட்சத்திரம் கொளுத்தும் மே மாதத்தில் இங்கே குளிர் தொடங்குகிறது. மழையும் நாடு முழுக்க ஒன்றுபோல் இல்லை. வடகிழக்கில் கோடையில் பெய்கிறது, கேப் டவுன் பக்கம் குளிர்காலத்தில். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு வருகிறவர்கள் முதலில் கணக்கில் கொள்ள வேண்டியது இதைத்தான்.

இந்தக் குளிர் மாதங்கள் வடகிழக்கிலுள்ள குரூகர் தேசியப் பூங்காவுக்கு மிகவும் ஏற்றவை. 1926-இல் தேசியப் பூங்காவான இக்காட்டின் பரப்பு ஏறத்தாழ 19,500 சதுர கிலோமீட்டர். மழை ஓய்ந்து புல் காய்ந்ததும் விலங்குகளுக்கு மறைவிடம் குறைகிறது. குட்டைகள் வற்ற வற்ற அவை ஆறுகளைத் தேடி வருகின்றன. வாடகைக் கார் எடுத்துத் தாமே ஓட்டிச் சுற்றலாம். தமிழ்நாட்டைப் போல இங்கும் இடப்பக்கப் போக்குவரத்துதான். பூங்காவுக்குள் வேக வரம்பு தார்ச்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர், மண்சாலையில் 40. அனுமதித்த இடங்களைத் தவிர வண்டியை விட்டு இறங்கக் கூடாது. பொழுது சாய்வதற்குள் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும். சிங்கத்தைத் தேடி அலைவதைவிட நீர்நிலை ஓரம் எஞ்சினை அணைத்துக் காத்திருப்பதே பலன் தரும். இம்பாலா மான்கள் நின்று நின்று, காதை விடைத்துப் பார்த்தபடி தண்ணீருக்கு இறங்கும். யானைக்கூட்டம் வந்துவிட்டால் மற்றவை ஒதுங்கிக்கொள்ளும். மலேரியா குளிர்காலத்தில் குறைவு என்றாலும், புறப்படுமுன் மருத்துவரைக் கேட்பது நல்லது.

கேப் டவுனில் அப்போது மழையும் மேகமும். ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த டேபிள் மலைக்கு 1929 முதல் கேபிள் கார் ஓடுகிறது; காற்று பலத்தால் நிறுத்திவிடுவார்கள். ஆகவே ஒரே நாளை நம்பாமல் இரண்டு மூன்று நாள் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். டர்பனில் குளிர்காலத்திலும் இதமான வெயில். 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது இங்கேதான். ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரும் பன்னி சாவ் அவர்கள் வழிவந்தவர்களின் சாப்பாடு.

ஜோகன்னஸ்பர்க்கை விமானம் மாறும் ஊராக மட்டும் நினைப்பது பெரிய இழப்பு. காந்தியையும் மண்டேலாவையும் அடைத்துவைத்த பழைய கோட்டைச் சிறை இங்குள்ளது. விசாரணைக் கைதிகளின் கட்டடத்தை இடித்தெடுத்த செங்கற்கள், பக்கத்திலேயே எழுந்த அரசியல் சாசன நீதிமன்றத்தில் சேர்ந்திருக்கின்றன. சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, நோயோடு வெளிவந்து, 1914-இல் 16 வயதில் இறந்த தில்லையாடி வள்ளியம்மையின் கல்லறை பிராம்ஃபொன்டெய்ன் இடுகாட்டில் இருக்கிறது. தில்லையாடி நம் பக்கத்து ஊர்; தரங்கம்பாடிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் அங்கே போகாமல் திரும்பக் கூடாது. பகலில், வண்டி அமர்த்திக்கொண்டு, கூட்டாகப் போவதே பாதுகாப்பு. இருட்டிய பிறகு இந்நகரத் தெருக்களில் நடப்பதைத் தவிர்க்க வேண்டும்.

அன்புடன்,
ஜோகன்னஸ்பர்க் வாழ் தரங்கம்பாடிக்காரன்