இறங்கச் சொல்லாத பாதை

2024இல் மாநகராட்சியாகிவிட்டது நம் புதுக்கோட்டை. இனி சாலை அகலமாகும். நடைபாதை, சைக்கிள் பாதை என்றும் பேச்சு வரும். வரட்டும். ஆனால் வரைபடத்தை எந்தத் தெருவிலிருந்து தொடங்குவார்கள்?

1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் இங்கே பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. கல்குவாரியிலும் வயலிலும் உழைத்த பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓட்டினார்கள். பெண்கள் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. பஸ்ஸுக்குக் காத்துக் கிடப்பது குறைந்தது. தனிப் பாதையெல்லாம் அன்று யார் போட்டுக்கொடுத்தார்கள்?

சைக்கிள் என்றதும் நமக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். ஆதிக்கச் சாதித் தெரு வந்தால் இறங்கி உருட்டிக்கொண்டு போக வேண்டும் என்ற கட்டுப்பாடு. தமிழ்நாட்டின் எத்தனையோ ஊர்களில் நம் தாத்தாக்கள் அறிந்த சாலை விதி அதுதான். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் வழியை மறித்த சுவரில் ஒரு பகுதி இடிபட்டதே 2008இல்தான். விபத்துகளை மட்டும் எண்ணுகிற கணக்கெடுப்பில் இந்தத் தடை எப்படித் தெரியும்?

அதனால் தோழர்களே, அதிகாரிகள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, சேரியிலிருந்து பள்ளிக்குப் போகும் தங்கைகளோடு நடப்போம். எங்கே விளக்கு இல்லை, எங்கே லாரி உரசுகிறது, எந்தத் தெருவைத் தவிர்க்கச் சுற்றிப் போகிறார்கள் என்று எழுதுவோம். அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் அந்த நோட்டை வைப்போம்.