நட்பின் உரிமையும் வங்கி அட்டையும்

கைமாற்றாகக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவே நா எழாத சமூகம் நம்முடையது. கொடுத்தவன் தலைகுனிந்து நிற்க, வாங்கியவன் நிமிர்ந்து நடப்பதை நாம் அன்றாடம் காண்கிறோம். அப்படியிருக்க, நாம் கொடாத பணத்தை நம் அட்டையைக் கொண்டு நண்பனே எடுத்துவிட்டால் என்ன சொல்லிக் கேட்பது? திருடன் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. கடன்காரன் என்று சொல்லவும் வழியில்லை. பெயரிட முடியாத காரணத்தாலேயே இவ்விழப்பைப் பலர் வெளியில் சொல்லாமல் விழுங்கிவிடுகின்றனர். அவ்வாறு விழுங்குதல் நட்புக்கும் நன்றன்று, அறத்துக்கும் நன்றன்று என்பது நம் கருத்து.

அட்டையும் இரகசிய எண்ணும் பிறர் கைக்குப் போவது பெரும்பாலும் அன்பினால்தான். காய்ச்சலில் கிடப்பவன் அறைத்தோழனிடம் அட்டையைக் கொடுத்து, ‘ஓராயிரம் எடுத்துவா’ என்கிறான். எண்ணைச் சொல்லாவிட்டால் நம்பவில்லை என்று பொருளாகிவிடுமோ என அஞ்சிச் சொல்கிறான். அன்று அவன் ஓராயிரம்தான் எடுத்து வருகிறான். ஆனால் எண் நினைவில் தங்கிவிடுகிறது. பிறிதொரு நாள் நெருக்கடி வரும்போது, சட்டைப்பையில் கிடக்கும் அட்டை கண்ணில் படுகிறது. இயந்திரம் ஆளைப் பார்ப்பதில்லை; எண்ணை மட்டுமே பார்க்கிறது.

இனி வங்கியின் நிலையைக் காண்போம். 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வாடிக்கையாளரின் ஒப்புதலின்றி நடக்கும் மின்னணுப் பணப்பரிமாற்றங்களில் இழப்பு யாரைச் சாரும் என்பதை அது வகுத்துரைத்தது. வங்கியின் குறையால் நேர்ந்த இழப்பு வாடிக்கையாளரைச் சாராது. வங்கியும் வாடிக்கையாளரும் காரணமாகாமல் வேறெங்கோ நேர்ந்த மோசடியை 3 வேலை நாள்களுக்குள் தெரிவித்தாலும் அவ்வாறே. ஆனால் இரகசிய எண் போன்றவற்றைத் தாமே பிறருக்குச் சொன்னதால் நேர்ந்த இழப்பு, வங்கிக்குத் தெரிவிக்கும் வரையில், முழுவதும் வாடிக்கையாளரையே சாரும். தெரிவித்த பிறகு நேரும் இழப்பு வங்கியுடையது. மெய்ப்பிக்கும் பொறுப்பும் வங்கியுடையதே.

இவ்விதி எவ்வளவு கடுமையானது என்பதற்குப் பெங்களூரு வழக்கொன்று சான்று. 2013 நவம்பரில் மகப்பேறு விடுப்பிலிருந்த பெண்ணொருவர் தம் அட்டையையும் எண்ணையும் கணவரிடம் கொடுத்து 25,000 ரூபாய் எடுத்துவரச் சொன்னார். இயந்திரம் சீட்டைத் தந்தது, பணத்தைத் தரவில்லை. அங்கே மோசடி இல்லை, நண்பர் இல்லை, கணவரே எடுக்கச் சென்றார். ஆயினும் அட்டையைப் பிறர் கையில் கொடுத்தது விதிமீறல் என்ற வங்கியின் வாதத்தை ஏற்று, 2018இல் நுகர்வோர் நீதிமன்றம் அவர் முறையீட்டைத் தள்ளியது. கணவன் மனைவிக்கே இந்நிலை என்றால், அறைத்தோழனின் நட்பை வங்கி எங்கே கணக்கில் கொள்ளப் போகிறது?

ஆகவே வங்கியின் கதவு ஏறத்தாழ அடைபட்டதே. இதனை அறிந்தவுடன் பலருக்கும் தோன்றும் யோசனை, ‘அட்டை தொலைந்துவிட்டது, யாரோ எடுத்துவிட்டார்கள்’ என எழுதிக் கொடுப்பது. நம்மிடம் பயிலும் விடுதி மாணவர் ஒருவர் அப்படியொரு கடிதத்தோடு நம் சான்றொப்பத்துக்கு வந்தார். மூன்று முறையாக 12,000 ரூபாய் போயிருந்தது. எடுத்தவன் பக்கத்துக் கட்டிலில் படுப்பவன் என்பது அவருக்குத் தெரியும். நாம் ஒப்பமிடவில்லை. நண்பனைக் காப்பதற்காக வங்கியிடம் பொய்யுரைத்தால், எடுத்தவனின் குற்றத்தோடு இழந்தவனின் குற்றமும் சேர்ந்துவிடும். கண்காணிப்புப் படத்தில் நண்பனின் முகம் தெரியும்போது பொய் சொன்னவரே முதலில் தலைகுனிய நேரிடும்.

‘பழைமை பாராட்டிப் பொறுத்துப் போவதுதானே நம் மரபு?’ என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். கேள்வி எளிதாகத் தள்ளத்தக்கதன்று. திருக்குறளில் 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்கள் நட்பின் பல நிலைகளைப் பேசுகின்றன. அவற்றுள் 81ஆவதான ‘பழைமை’, நெடுநாள் நண்பர் உரிமையால் செய்வனவற்றை உவந்து ஏற்கச் சொல்கிறது. கேளாது செய்தலும் அவ்வுரிமையுள் அடங்கும். ஆனால் அடுத்து வரும் அதிகாரம் ‘தீ நட்பு’ என்பதை நாம் மறக்கலாகாது. இரண்டையும் பிரித்தறிய நமக்குத் தோன்றும் அளவுகோல் ஒன்றே: எடுத்தவன் வந்து சொன்னானா? உரிமையால் எடுத்தவன் மாலையிலேயே, ‘உன் கணக்கிலிருந்து எடுத்தேன்’ என்பான். சொல்லாது மறைத்து, குறுஞ்செய்தியை அழித்து வைப்பவன், தனக்கு அவ்வுரிமை இல்லையென்பதைத் தானே உணர்ந்தவன்.

மற்றுமொன்று. பொறுத்தல் இழந்தவன் மனமுவந்து தரும் கொடை. எடுத்தவனோ பக்கத்திலிருப்பவரோ கோரத்தக்கதன்று. அந்த 12,000 ரூபாய், அம்மாணவரின் தந்தை பருவக் கட்டணத்துக்காகக் கடன்வாங்கி அனுப்பியது. ‘போனது போகட்டும்’ என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

எனவே கேட்க வேண்டும். கேட்கும் முறையும் உண்டு. முதலில் வங்கிக்குத் தெரிவித்து அட்டையை முடக்க வேண்டும். இனி நேரும் இழப்பையேனும் அது தடுக்கும். அடுத்து, கணக்கு அறிக்கையைப் பெற்று, எந்த நாளில் எவ்வளவு என்று குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் நண்பனைத் தனியே அழைத்து, பிறர் முன்னிலையில் இகழாமல், தொகையைச் சொல்லிக் கேட்க வேண்டும். ஒப்புக்கொண்டால் எழுத்தில் வாங்க வேண்டும். இன்ன தொகை, இன்ன நாளுக்குள், இத்தனை தவணையில் என்று கையெழுத்திட்ட ஒரு தாள் போதும். பணம் மீட்கும் உரிமையியல் வழக்குக்குப் பொதுவாக 3 ஆண்டுக் காலவரம்பு உண்டு. அவ்வரம்பு முடியுமுன் கடனை ஒப்பிக் கையெழுத்திட்டால், அந்நாளிலிருந்து காலம் மீண்டும் கணக்கிடப்படும் என்கிறது 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம்.

மறுத்தாலோ, இழுத்தடித்தாலோ காவல்துறையை நாடத் தயங்க வேண்டியதில்லை. பிறருடைய கடவுச்சொல் முதலிய அடையாளக் கூறுகளை நேர்மையின்றிப் பயன்படுத்துவது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கும் உரிய குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும், பிறர் பொருளை நேர்மையின்றித் தனதாக்கிக் கொள்வதையும் நம்பிக்கை மோசடியையும் குற்றங்களாகவே வைத்திருக்கிறது. நட்பு என்பதற்காகச் சட்டம் விலக்களிப்பதில்லை. ஆயினும் இருபது வயது இளைஞன் ஒருவன் மேல் வழக்குப் பதிவானால் அது அவன் வேலைவாய்ப்பு வரை தொடரும். அதனால்தான் எழுத்தில் வாங்கித் தவணை தருவதை முதற்படியாகவும் காவல்நிலையத்தை இறுதிப் படியாகவும் வைக்கிறோம். முதற்படியில் ஏறாமலே இருந்துவிடுவதைத்தான் குறை கூறுகிறோம்.

நம் மாணவர் கேட்டார். அறைத்தோழன் முதலில் மறுத்தான். தேதிகளைக் காட்டியதும் அழுதான். பின் எழுதிக் கொடுத்தான். நான்கு தவணைகளில் பணம் வந்தது. கடைசித் தவணை இரண்டு மாதம் பிந்தியது. இருவரும் இப்போது வேறு வேறு அறைகளில் இருக்கின்றனர். பழைய நெருக்கம் இல்லை, பேச்சு இருக்கிறது.

‘கேட்டால் நட்பு முறியும்’ என்பார்க்கு நம் விடை இதுதான். மறைத்து எடுத்த அன்றே நட்பு முறிந்துவிட்டது. கேளாமலிருப்பவன் அம்முறிவைத் தன் நெஞ்சில் மட்டும் சுமக்கிறான். வெளியே சிரித்து, உள்ளே வெறுக்கிறான். எடுத்தவனுக்கோ, தான் கெட்டதை அறியவும் திருந்தவும் வாய்ப்பே கிட்டுவதில்லை. நாளை இன்னொருவன் அட்டையும் அவன் கண்ணில் படும். நண்பனை இடித்துரைத்தல் நட்பின் கடன் என்று வகுப்பில் நடத்துகிறோம். விடுதியில் அதே மாணவன் வந்து நிற்கும்போது மட்டும் பேசாதிருக்கச் சொல்வது முறையாகுமா? மாறுபடும் அன்பர்கள் எழுதுக, கேட்க அணியமாயிருக்கிறோம்.