முதுகுவலியும் மச்சைப் படமும்

லுணுகலை, ஹொப்டன் பக்கத்துத் தோட்டங்களில் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்ணொருவர் முதுகுவலி என்றால், கொழுந்துக்கூடையின் பாரம் என்றே எல்லோரும் எண்ணுவார்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் இரவிலும் விடாத வலியோடு சோகையும் சேர்ந்துவிட்டால், மைலோமா எனும் எலும்பு மச்சைப் புற்றுநோயையும் நினைத்துப் பார்க்க வேண்டும். எலும்பின் கனிமத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கரைந்த பிறகே சாதாரண எக்ஸ்ரேயில் அரிப்புத் தெரியும். இடுப்பெலும்பில் ஊசி குத்தி எடுக்கும் மச்சையோ அந்த ஓரிடத்தின் நிலையை மட்டுமே சொல்லும். இந்நோய் திட்டுத்திட்டாகப் பரவுவது. முழு உடல் எம்.ஆர்.ஐ. அந்தத் திட்டுகளைத் தேடிக் காட்டுகிறது.

அது இன்னொன்றையும் சொல்கிறது. அறிகுறியற்ற மைலோமா உடைய 149 பேரை ஜேர்மனியின் ஹைடல்பர்க் மருத்துவர்கள் இப்படிப் படமெடுத்து, முடிவை 2010இல் வெளியிட்டார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட திட்டுகள் இருந்தவர்களில் பாதிப்பேருக்கு ஏறத்தாழ 13 மாதங்களில் நோய் முற்றியது. 2014இல் சர்வதேச மைலோமா செயற்குழு வரையறையையே மாற்றியது: 5 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ உள்ள திட்டுகள் ஒன்றுக்கு மேல் இருந்தால், எலும்பு முறியும்வரை காத்திராமல் சிகிச்சையைத் தொடங்கலாம்.

இரத்தப் பரிசோதனைக்கே பதுளைக்கு பஸ் ஏறும் ஊருக்கு இது ஆடம்பரம் என்பார்கள். அதில் நியாயம் உண்டு. இரத்தப் புரதப் பரிசோதனை கைக்கெட்டாவிட்டால், யாரைப் படமெடுக்க அனுப்புவது என்றே தெரியாது. ஆனால் தூரத்தைக் காரணம் காட்டுவதை நான் ஏற்கவில்லை. கிளினிக்குக்குப் போகும் ஒவ்வொரு நாளும் ஒரு பேர், அதாவது ஒரு நாள் கூலி, போகிறது. யார் பதுளையிலேயே கண்காணிப்பில் இருக்கலாம், யார் உடனே மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்று முன்கூட்டியே பிரித்தறிவது, கொழும்பில் இருப்பவரைவிட லுணுகலையில் இருப்பவருக்கே அதிகம் உதவும்.

என் கவலை வேறொன்று. நீண்டகாலச் சோகையில், இரத்தம் உண்டாக்கப் போராடும் உடல் கொழுப்பு மச்சையையும் சிவப்பு மச்சையாக மாற்றிக்கொள்கிறது. எம்.ஆர்.ஐ.யில் அது நோய் பரவியதுபோலவே தோன்றக்கூடும். தோட்டப் பெண்களிடையே இரும்புச்சத்துக் குறைபாடு புதிதல்ல. வேறு நாட்டு நோயாளரின் படங்களைப் பார்த்துப் பழகிய, மச்சைப் படங்களைக் கொண்டு நோயின் ஆபத்தைக் கணிக்கும் கணினி நிரல், வெறும் சோகையைப் புற்றுநோயாக எண்ணி ஆபத்தைக் கூட்டிச் சொல்லலாம். தேவையற்ற மருந்தின் நஞ்சை அந்தப் பெண் சுமக்க நேரும். ஆகவே, ஊவா மாகாண நோயாளருக்கு எடுக்கப்படும் ஒவ்வொரு மச்சைப் படத்தோடும் அன்றைய ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் அளவுகளையும் எழுதிவைத்து, அவர்களுக்குப் பின்னர் என்ன ஆனது என்பதைச் சில ஆண்டுகளாவது தொடர்ந்து பதிய வேண்டும். அந்தப் பதிவோடு ஒப்பிட்டுச் சரிபார்க்காத எந்த நிரலின் கணிப்பையும் நம்பி நான் சிகிச்சையைத் தொடங்கமாட்டேன்.

(கட்டுரையாளர், குருதியியல் வைத்திய நிபுணர்)