பொம்மைக் கப்பலைப் பழிக்காதீர்கள்

சென்ற மாதம் நான் எழுதிய சிறு கட்டுரை ஒன்று என் மதிப்புக்குரிய நண்பர் ஒருவருக்குக் கோபமூட்டிவிட்டது. நண்பர் என்று சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். வயதிலும் படிப்பிலும் எனக்குத் தந்தை ஸ்தானத்தில் இருப்பவர். கல்லூரியில் சரித்திரம் போதித்து ஓய்வு பெற்றவர். கதர் தவிர வேறு உடுத்தாதவர். நானோ கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டுக் கதை எழுத வந்தவன்.

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் என் அக்காள் மகன் இருக்கிறான். அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு குளக்கரையில் கண்ட காட்சியைத்தான் எழுதியிருந்தேன். வளர்ந்த மனிதர்கள் இருபது பேர். கையில் ரேடியோப் பெட்டி. தண்ணீரில், அவர்கள் தங்கள் கையாலேயே கட்டிய போர்க்கப்பல் பொம்மைகள். அந்தக் கப்பல்கள் நிஜமான ரவைக் குண்டுகளால் ஒன்றையொன்று சுட்டு மூழ்கடித்துக்கொண்டிருந்தன. நான் அதை ரசித்தேன்; ரசித்ததை ஒளிக்காமல் எழுதினேன். குற்றம் அவ்வளவுதான்.

"தம்பி," என்று தொடங்குகிறது பெரியவரின் கடிதம். "நரை கண்டவர்கள் பொம்மை வைத்து விளையாடுவது முதல் அசட்டுத்தனம். மாதக்கணக்கில் செய்ததைத் தாங்களே உடைப்பது இரண்டாவது அசட்டுத்தனம். யுத்தத்தை விளையாட்டாக்குவது அசட்டுத்தனம் அல்ல, பாபம். உங்களைப் போன்றவர்கள் இதைப் புகழ்ந்து எழுதலாமா?"

தபாலில் பதில் எழுதி முடித்திருக்கலாம். ஆனால் இந்த அபிப்பிராயம் அவர் ஒருவருடையது மட்டுமில்லை. கட்டுரையைப் படித்த பலரும் இதையே வேறு வேறு வார்த்தைகளில் சொன்னார்கள். ஆகையால் சபையிலேயே பேசிவிடுகிறேன்.

முதலாவது குற்றச்சாட்டுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. சீட்டாட்டத்திலும் கிரிக்கெட்டிலும் டெலிவிஷனிலும் பொழுதைக் கழிக்கும் நாம், இன்னொருவனுடைய பொழுதுபோக்கை அளக்கப் படி எடுத்துக்கொண்டு கிளம்புவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

இரண்டாவதற்குக் கொஞ்சம் விவரம் வேண்டும். 1970-களின் கடைசியில் அதே டெக்ஸாஸ் பக்கத்தில் முளைத்த விளையாட்டு இது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நிஜமாகக் கடலில் ஓடிய போர்க்கப்பல்களை 144-ல் ஒரு பங்கு அளவில் கட்ட வேண்டும். 251 மீட்டர் நீளமிருந்த ஜெர்மானிய 'பிஸ்மார்க்' இங்கே ஒன்றே முக்கால் மீட்டர். விலா எலும்புகள் போன்ற சட்டங்களை நிறுத்தி, அவற்றின் மேல் பால்ஸா என்ற இலேசான மரத்தின் மெல்லிய தகட்டை ஒட்டுகிறார்கள். நான் பார்த்த கப்பல்களில் அதன் கனம் ஓர் அங்குலத்தில் 32-ல் ஒரு பங்கு. அழுத்திப் பிடித்தால் விரல் உள்ளே போய்விடும். கரியமில வாயுவின் அழுத்தத்தால் பீரங்கிகள் சுடுகின்றன. குண்டு நாலரை மில்லிமீட்டர் குறுக்களவுள்ள இரும்பு ரவை. உள்ளே புகும் தண்ணீரை இறைக்க ஒரு சின்ன பம்பு. நிஜக் கப்பல் எந்த வேகத்தில் ஓடியதோ அதை அனுசரித்துத்தான் பொம்மைக்கும் வேகம். குண்டு தீர்ந்தவுடன் நழுவிவிட முடியாது. "ஐந்து" என்று உரக்கச் சொல்லிவிட்டு, இன்னும் ஐந்து நிமிஷம் தண்ணீரில் தாக்குப்பிடிக்க வேண்டும். கரையில் நிற்பவர்கள் எல்லாருக்கும் கண்ணைக் காக்கும் கண்ணாடி கட்டாயம்.

மூழ்கின கப்பல் தொலைந்துபோவதில்லை. நூலில் கட்டிய மிதவை ஒன்று அதிலிருந்து மேலே வந்து, கப்பல் கிடக்கும் இடத்தைக் காட்டுகிறது. சொந்தக்காரர் இடுப்பளவு சேற்றில் இறங்கித் தூக்கி வருகிறார். பிறகுதான் வேலையே ஆரம்பம். மோட்டாரைக் காய வைத்து எண்ணெய் விட வேண்டும். ஓட்டைகளை ஒவ்வொன்றாக மெல்லிய காகிதமும் பசையும் வைத்து மூட வேண்டும். ஓட்டை அதிகமானால் பழைய தோலை முழுவதும் உரித்துவிட்டுப் புதிதாகப் போர்த்த வேண்டும்.

அத்தோடு யோசனையும் செய்ய வேண்டும். கப்பல் ஏன் மூழ்கிற்று? தண்ணீர் பின்பக்கம் சேர்ந்தது, பம்பு முன்பக்கம் இருந்தது. சரி, பம்பை நகர்த்து. உள்ளே இரு பக்கமும் கட்டைகளை வைத்து அடைத்து, நடுவில் ஓர் ஓடை விட்டால் தண்ணீர் தானாகப் பம்பிடம் ஓடி வரும். சரி, கட்டை இழை. மறுநாள் காலையில் மறுபடியும் தண்ணீரில் விட்டு, மறுபடியும் சுடப்படு.

இதைப் பெரியவர் உடைப்பு என்கிறார். வாசலில் கோலம் போடுகிற பெண்ணிடம் போய், "நாளைக்கு அழியப் போகிறதே, எதற்கம்மா போடுகிறாய்?" என்று அவர் கேட்பாரா?

இனி மூன்றாவது குற்றச்சாட்டு. இதுதான் நிஜமான சண்டை.

யுத்தத்தை விளையாட்டாக்குவது பாபம் என்கிறார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பாபத்தைச் செய்கிறவர்கள் யார்? நான் குளக்கரையில் கண்டதைச் சொல்கிறேன். சண்டை முடிந்ததும் கப்பல்களை மேஜைமேல் கவிழ்த்து வைத்து ஓட்டைகளை எண்ணுகிறார்கள். நீர்மட்டத்துக்கு மேலே உள்ள ஓட்டைக்கு 10 புள்ளி, நீர்மட்டத்தில் விழுந்ததற்கு 25, அதற்குக் கீழே 50. அடித்தவரும் அடிபட்டவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, விரலை வைத்துத் தடவிப் பார்த்து எண்ணுகிறார்கள். ஒன்று விடுபட்டால் அடிபட்டவரே, "இதோ இங்கே ஒன்று இருக்கிறது" என்று காட்டுகிறார். பிறகு மூழ்கடித்தவர் தம் பசைப் புட்டியை மூழ்கினவரிடம் கொடுக்கிறார்.

சேதத்தை இப்படி விரலால் தொட்டு எண்ணின யுத்தம் சரித்திரத்தில் எத்தனை? சரித்திரப் பேராசிரியர் சொல்லட்டும்.

யுத்தத்தை விளையாட்டாக்குகிறவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். பொருட்காட்சி சாலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு போர்க்கப்பல் மாதிரியைப் பாருங்கள். பித்தளை பளபளக்கிறது, ஒரு கீறல் இல்லை. சுடுவதற்கும் சுடப்படுவதற்கும் கட்டிய ஒரு யந்திரத்தைக் கல்யாண சீர்வரிசை மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார்கள். அது பொய். இங்கிலாந்தில் ஸ்கார்பரோ நகரத்துப் பீஸ்ஹோம் பூங்காவில், 1927-ல் தொடங்கிய கப்பல் சண்டைக் காட்சி ஒன்று உண்டு. கப்பலுக்குள் ஆள் உட்கார்ந்து ஓட்டுவார். குழந்தைகள் கை தட்டிப் பார்ப்பார்கள். அழகான காட்சிதான், ஆனால் எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்பது முன்பே எழுதி வைத்த நாடகம். டெக்ஸாஸ் குளத்தில் அப்படி எழுதி வைத்தவர் யாரும் இல்லை. அங்கே யாருடைய கப்பலும் மூழ்கலாம்.

எழுதி வைக்கிறவர்கள் என்று சொன்னேன். வேறு யாரைச் சொல்வேன்? எங்களைத்தான். கதை எழுதுகிறவர்களைத்தான். "பீரங்கிகள் முழங்கின, எதிரிக் கப்பல் தீப்பிடித்துக் கடலில் ஆழ்ந்தது" என்று ஒரு வாக்கியம் எழுதிவிட்டு, அடுத்த வாக்கியத்தில் கதாநாயகனைக் காதலியிடம் அனுப்பிவிடுகிறோம். நானே என் சரித்திர நாவல் ஒன்றில் ஓர் இரவில் ஒரு கடற்படையையே எரித்திருக்கிறேன். எத்தனை கப்பல், எத்தனை ஆட்கள் என்று நான் எண்ணவில்லை. வாசகர் ஒருவராவது கேட்டு எழுதவும் இல்லை. கதாநாயகிக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்டு நாற்பது கடிதங்கள் வந்தன!

என்னைவிடப் பெரிய எழுத்தாளர் ஒருவரின் கதையும் இருக்கிறது. ஆங்கில நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் 1913-ல், பொம்மைச் சிப்பாய்களை வைத்து விளையாடும் யுத்தத்துக்கு விதிகள் வகுத்து 'சின்ன யுத்தங்கள்' என்று ஒரு புத்தகம் போட்டார். தரையில் மண்டியிட்டுப் பொம்மைச் சண்டை போட்டுப் பார்த்தவனுக்குத்தான் நிஜ யுத்தம் எத்தனை பெரிய மடத்தனம் என்பது விளங்கும் என்று அதில் வாதாடினார். மறு வருஷம் நிஜ யுத்தமே வந்தது. அதே வெல்ஸ் அதே கையால், யுத்தத்தையே ஒழிக்கப் போகும் யுத்தம் இது என்று பத்திரிகைகளில் எழுதினார். பொம்மைகளை நகர்த்திய வரையில் அந்தக் கை யாருக்கும் தீங்கு செய்யவில்லை. பேனாவை எடுத்ததும் ஒரு தலைமுறை இளைஞர்களைப் போர்முனைக்கு அனுப்பியவர்களோடு சேர்ந்துகொண்டது.

பெரியவர் கெட்டிக்காரர். "ரேடியோவால் ஓட்டும் படகு இன்றைக்கு நிஜமாகவே ஆயுதம் ஆகிவிட்டதே!" என்று மடக்குவார். உண்மைதான். இன்னும் சொல்லப்போனால் அது பிறந்ததே ஆயுதமாகத்தான். 1898-ல் நியூயார்க்கில் நிக்கோலா டெஸ்லா, கம்பியில்லாமல் ஒரு சின்னப் படகை ஓட்டிக் காட்டினார். இவ்வளவு பயங்கரமான ஆயுதம் கையில் இருந்தால் தேசங்கள் பயந்து சமாதானமாக இருக்கும் என்று நம்பினார், பாவம்! 2024 பிப்ரவரி 1-ந் தேதி கருங்கடல் பக்கத்தில் 'இவானோவெத்ஸ்' என்ற ரஷ்யப் போர்க்கப்பலை உக்ரைனின் ஆளில்லாப் படகுகள் மூழ்கடித்தன. ஓட்டியவர்கள் அந்தக் கடலிலேயே இல்லை. அந்தக் காட்சியை உலகம் முழுவதும் காப்பி குடித்துக்கொண்டே பார்த்தது. நானும் பார்த்தேன். பெரியவரும் பார்த்திருப்பார்.

இரண்டும் ரேடியோப் படகுதான். ஆனால் குளக்கரைக்காரர் தம் எதிரிக்கு நாலடி தூரத்தில் நிற்கிறார். அவர் மூச்சு இவருக்குக் கேட்கிறது. மூழ்கடித்தபின் அவர் முகத்தைப் பார்த்தாக வேண்டும். நிஜ யுத்தத்தில் இருப்பவர் எத்தனையோ மைலுக்கு அப்பால் திரையைப் பார்க்கிறார். காப்பி குடிக்கும் நாமோ அவரைவிடத் தூரத்தில் இருக்கிறோம். கொலையைச் சுலபமாக்குவது அந்தத் தூரம். அந்தத் தூரத்தை ஒழித்த ஓர் இடத்தை யுத்த வெறி என்று பழிப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அதற்காக அந்தப் பொம்மைக்காரர்கள் மாசற்றவர்கள் என்று நான் சத்தியம் செய்யவில்லை. அவர்கள் கப்பலிலும் ஒரு பொய் இருக்கிறது. ஓட்டை நிஜம், தண்ணீர் நிஜம், மூழ்குவது நிஜம். உள்ளே ஆள் இல்லை. 1941 மே 24-ந் தேதி 'ஹூட்' என்ற ஆங்கிலக் கப்பல் வெடித்து மூழ்கியபோது அதில் இருந்தவர்கள் 1418 பேர். பிழைத்தவர்கள் மூன்றே பேர். மூன்று நாள் கழித்து அதை மூழ்கடித்த 'பிஸ்மார்க்' போயிற்று. இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களில் நூற்றுச் சொச்சம் பேர்தான் மிஞ்சினார்கள். எந்தப் புள்ளிக் கணக்கிலும் இது வராது.

குளக்கரையில் ஒரு கிழவர், சுமார் 82 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு கப்பலுக்குப் புதுத் தோல் போர்த்திக்கொண்டிருந்தார். என்ன கப்பல் என்று கேட்டேன். "எம்டன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இந்தக் கப்பல் எங்கள் பட்டணத்தைச் சுட்டது தெரியுமா?" என்றேன். "மெட்ராஸா? 1914 செப்டம்பர் 22, ராத்திரி. எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன" என்றார். சூரனையும் சூதுக்காரனையும் 'எம்டன்' என்று சொல்லிச் சிரிக்கும் ஜாதி நாம். அந்தத் தேதி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நவம்பர் 9-ந் தேதி கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் 'சிட்னி' அதை அடித்து நொறுக்கியதையும் அவரே சொன்னார். "எத்தனை பேர் செத்தார்கள்?" என்று கேட்டேன். நூற்று முப்பதுக்கு மேல் என்று சொல்லிவிட்டு, பசை காய்வதற்காகக் கையை எடுக்காமல் சிறிது நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை தோல் உரிக்கும்போது, புதுத் தோலைப் போர்த்துவதற்குமுன், கப்பலின் அடிக்கட்டையில் உட்புறமாக அந்தந்தக் கப்பலில் செத்தவர்களின் எண்ணிக்கையைப் பென்சிலால் எழுதி வையுங்கள். புள்ளி வேண்டாம், ஓட்டும்போது தெரியவும் வேண்டாம். மூழ்கித் தூக்கித் தண்ணீரை வடிக்கும்போது கண்ணில் பட்டால் போதும்.

பெரியவருக்கும் ஒரு வார்த்தை. ஐயா, தங்கள் கோபம் நியாயமானது. அதைக் கொஞ்சம் திருப்பி எங்கள் பக்கம் காட்டுங்கள். என் நாவலின் அடுத்த பதிப்பு வரும்போது, எரிந்த அந்தக் கடற்படையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டு ஒரு கடிதம் போடுங்கள். பதில் எழுத வேண்டியவன் நான்.